ஆயிரம் ரூபாய்க்குள் ஓர் அயர்ன் பாக்ஸ்: பழைய வண்ணாரப்பேட்டை வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கடந்த ஆண்டு ஜூன் மாதம், பள்ளி திறந்த இரண்டாவது வாரத்தில், சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் குடியிருக்கும் என் தங்கை காலையில் போன் செய்து, மாப்பிள்ளையின் யூனிஃபார்ம் சட்டை தேய்க்கும்போதே கருகிவிட்டது என்று சொன்னாள். வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத அயர்ன் பாக்ஸ் அது. சட்டை போனதைவிட, பேச்சோடு பேச்சாக அவள் சொன்ன இன்னொரு செய்திதான் என்னை அன்று மாலையே அங்கே போக வைத்தது. “பெட்டி மேல கை பட்டா லேசா ஜிவ்வுன்னு இருக்கும்ணா. செருப்பு போட்டுக்கிட்டுத் தேய்ச்சா ஒண்ணும் தெரியாது” என்றாள்.

தொழிற்சாலை மின்பராமரிப்பில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். அந்த ஒரு வீட்டில் பார்த்ததையும் அளந்ததையும் செலவழித்ததையும் முழுமையாக எழுதிவைக்கிறேன். குறைந்த செலவில் நல்ல அயர்ன் பாக்ஸ் வேண்டும் என்று தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் தங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட் என்பதை இந்த வீடு எனக்கே மறுபடியும் உறுதிப்படுத்தியது.

வீடும் துணிகளும்

வீடு நாற்பது ஆண்டுக்கும் மேல் பழையது. கீழே உரிமையாளர், மாடியில் இரண்டு போர்ஷன்கள். தங்கை வீட்டில் ஐந்து பேர்: அவளும் மாப்பிள்ளையும், ஒன்பதாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் படிக்கும் இரண்டு பிள்ளைகள், மாப்பிள்ளையின் தாயாரான அத்தை. மாப்பிள்ளைக்கு மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் செக்யூரிட்டி வேலை. கசங்கிய யூனிஃபார்மோடு போனால் அன்றைக்கே சூப்பர்வைசர் கேட்பார்.

ஒரு வாரத்தில் என்னென்ன துணி தேய்க்கப்படுகிறது என்று தங்கையிடம் கேட்டு எழுதினேன். யூனிஃபார்ம் சட்டையும் பேன்ட்டும் ஆறு, பிள்ளைகளின் பள்ளிச் சீருடை பன்னிரண்டு, தங்கையின் சுடிதாரும் மாப்பிள்ளையின் மற்றச் சட்டைகளும் ஐந்தாறு, அத்தையின் கஞ்சி போட்ட காட்டன் புடவை இரண்டு. ஆக மொத்தம் வாரத்துக்கு இருபத்தைந்து துணி. தெருமுனையில் தள்ளுவண்டி வைத்திருக்கும் இஸ்திரிக்காரர் துணிக்குப் பத்து ரூபாய் வாங்குகிறார். எல்லாவற்றையும் அவரிடமே கொடுத்தால் மாதத்துக்கு ஆயிரம் ரூபாய் ஆகிவிடும். அந்த ஆயிரம்தான் தங்கை புதுப் பெட்டிக்கென்று ஒதுக்கிய முழுத் தொகையும்.

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அத்தையின் புடவையும் இரண்டொரு சட்டையும் தவிர, ஏறக்குறைய எல்லாமே பாலியெஸ்டர் கலந்த டெரிகாட்டன். பருத்திக்குச் சூடும் ஈரமும் எடையும் வேண்டும். தண்ணீரும் வெப்பமும் சேர்ந்துதான் பருத்தி இழைகளுக்கு இடையே உள்ள பிடிப்பைத் தளர்த்தி மடிப்பை நேராக்குகின்றன. பாலியெஸ்டருக்கோ மிதமான சூடே போதும், எடை பெரிதாக உதவாது, சூடு கூடினால் பளபளத்துச் சுருங்கிவிடும். எந்தப் பெட்டி நல்ல பெட்டி என்பது அந்த வீட்டுக் கொடியில் என்ன துணி தொங்குகிறது என்பதைப் பொறுத்தது.

கருகிய பெட்டியைத் திறந்தபோது

அதற்கு முன் பதினொரு ஆண்டு உழைத்த பெட்டி ஒன்று இருந்தது; கல்யாணச் சீரில் வந்தது. அது சூடேறாமல் போனபோது பழுது பார்க்க முடியவில்லை. பழைய காலப் பெட்டிகளில் மைக்கா தகட்டில் சுற்றிய, சூடு தரும் கம்பியான எலிமென்ட் தனியாக இருக்கும், சில ரூபாய்க்கு மாற்றிக்கொள்ளலாம். இப்போதைய பெரும்பாலான பெட்டிகளில் எலிமென்ட்டை அலுமினியத் தகட்டுக்குள்ளேயே வார்த்துவிடுகிறார்கள். எலிமென்ட் போனால் தகடும் போயிற்று. தகட்டின் விலையோடு கூலியும் சேர்ந்தால் புதுப் பெட்டியின் விலை வந்துவிடும். அதனால் அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டதில் தவறில்லை. தவறு அடுத்த படியில் நடந்தது. ஜவுளி எடுக்கப் போன இடத்தில், நடைபாதையில் குவித்து விற்றுக்கொண்டிருந்த பெட்டிகளில் ஒன்றை 350 ரூபாய்க்கு வாங்கிவிட்டார்கள். அட்டையில் 750 வாட் என்று போட்டிருந்தது. பில் இல்லை.

பின்பக்கத்து ஸ்க்ரூவைக் கழற்றி மூடியை எடுத்தவுடன் எரிந்த பிளாஸ்டிக் வாடை வந்தது. முதலில் தெர்மோஸ்டாட்டைப் பார்த்தேன். அயர்ன் பாக்ஸில் சூட்டைக் கட்டுப்படுத்துவது ஒரு சிறிய இரட்டை உலோகத் தகடு. இரண்டு உலோகங்களும் வேறு வேறு அளவில் விரிவதால், சூடேறும்போது தகடு வளைந்து கான்டாக்ட்டைப் பிரித்துவிடும், ஆறினால் மீண்டும் சேர்க்கும். இந்தப் பெட்டியில் கடுகளவு இருக்கும் அந்த இரண்டு கான்டாக்ட் புள்ளிகளும் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஸ்க்ரூ டிரைவர் முனையால் நெம்பித்தான் பிரிக்க முடிந்தது. அப்படி ஒட்டிய பிறகு, குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் மின்சாரம் நிற்காது, சூடு ஏறிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் சட்டையைக் காப்பாற்றியிருக்க வேண்டியது தெர்மல் ஃபியூஸ். தகட்டின் சூடு ஓர் எல்லையைத் தாண்டினால் ஒரேயடியாக அறுந்துபோகும் சிறிய உருளை அது. அந்தப் பெட்டியில் அது வைக்கப்படவே இல்லை.

அடுத்து மல்ட்டிமீட்டரில் எலிமென்ட்டின் மின்தடையை அளந்தேன். 230 வோல்ட்டில் 750 வாட் தரும் எலிமென்ட்டுக்கு மின்தடை எழுபது ஓம் அளவில் இருக்க வேண்டும். மீட்டர் 105 ஓம் காட்டியது. அதாவது உண்மையான திறன் 500 வாட்தான். “ஏன்ணா ஒரு சட்டைக்கு இவ்ளோ நேரம் ஆகுது” என்று தங்கை மூன்று மாதமாகக் கேட்டதற்கான விடை அந்த எண்ணில் இருந்தது.

கடைசியாக ஒயர். பிளக்கில் மூன்று பின் இருந்தது. பெட்டிக்குள் வந்து சேர்ந்ததோ இரண்டே இரண்டு கம்பி. கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கடத்த வேண்டிய, மேலே இருக்கும் நீளமான, தடித்த எர்த் பின்னுக்கு உள்ளே எதுவும் இணைக்கப்படவில்லை. பார்வைக்கு மட்டும் ஒரு பித்தளைத் துண்டு. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. இரண்டு பின் பிளக் வைத்த பெட்டியை எடுத்தவர் இதில் எர்த் இல்லை என்றாவது தெரிந்துகொள்வார். மூன்று பின் வைத்து உள்ளே கம்பியை விட்டுவிட்டால், வாங்குகிறவரின் எச்சரிக்கை உணர்வையும் சேர்த்துப் பறித்துவிடுகிறார்கள்.

சுவரில் கண்டது

ஜிவ்வென்ற உணர்வுக்குப் பெட்டி மட்டும் காரணமா என்று பார்க்க வேண்டியிருந்தது, ஏனென்றால் பழைய பெட்டியிலும் மழைக்காலத்தில் அப்படி இருந்ததாக அத்தை சொன்னார். ஸ்விட்ச் போர்டின் பிளக் பாயின்ட்டைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு துளையின் விளிம்பு கறுத்திருந்தது. முகப்பில் 5 ஆம்பியர் என்று பொறித்த பழைய மாடல். மெயினை நிறுத்திவிட்டுக் கழற்றினேன். எர்த் முனையில் கம்பியே இல்லை. மீட்டர் போர்டு வரை வந்த எர்த், மாடி போர்ஷனுக்குள் இழுக்கப்படவே இல்லை. மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி, கடலோரக் காற்றில் பச்சை பூத்து, ஸ்க்ரூவுக்கு அடியில் லொடலொடவென்று இருந்தது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கத்து வீடுகளில் பத்துப் பதினைந்து ஆண்டு கை வைக்காத பிளக் பாயின்ட்டைக் கழற்றினால் பெரும்பாலும் இந்தக் காட்சிதான்.

என் வீட்டிலிருந்து கொண்டுபோன 1000 வாட் பெட்டியை ஒரு மல்ட்டி பிளக் வழியாகச் செருகி வோல்ட்டேஜை அளந்தேன். பெட்டி ஓடாதபோது 216 வோல்ட், ஓடும்போது 207. பிளக் பாயின்ட்டை மாற்றிக் கம்பி முனைகளைச் சுரண்டி இறுக்கிய பிறகு, அதே பெட்டி ஓடும்போது 213 இருந்தது. அழுகிய இணைப்பில் மட்டும் 6 வோல்ட் இழந்துகொண்டிருந்தது என்று பொருள். நான்கு ஆம்பியர் ஓடும் கம்பியில் 6 வோல்ட் இழப்பு என்றால் 24 வாட் வெப்பம். ரேடியோ பழுது பார்க்கிறவர் கையில் வைத்திருக்கும் 25 வாட் சோல்டரிங் அயர்னைச் சுவருக்குள் சொருகி வைத்ததற்குச் சமம் அது. எவ்வளவு நல்ல பெட்டியை வாங்கி இந்தத் துளையில் செருகியிருந்தாலும் பிளக் பின் கருகியிருக்கும், ஒயர் முனை காய்ந்திருக்கும், பெட்டி சரியில்லை என்ற பேர்தான் மிஞ்சியிருக்கும்.

ஆகவே ஆயிரம் ரூபாயில் முதல் செலவு சுவருக்கே என்று முடிவு செய்தோம். உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, ஐஎஸ்ஐ தர முத்திரை உள்ள 6 ஆம்பியர் பிளக் பாயின்ட்டும் ஸ்விட்சும் 130 ரூபாய்க்கு வாங்கினோம். மீட்டர் போர்டிலிருந்து எட்டு மீட்டர் பச்சை ஒயர் இழுக்க 180 ரூபாய் ஆயிற்று. எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பதை, மின்சாரம் வரும் பேஸ் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே 100 வாட் குண்டு பல்பு வைத்துப் பார்த்தேன். முழு வெளிச்சத்தோடு எரிந்தது. இந்த வேலை பழகாதவர்கள் இதைத் தாங்களே செய்ய வேண்டாம். ஒரு வயர்மேனுக்கு ஒரு மணி நேர வேலை. கூலி கொடுத்துச் செய்துகொள்வதே முறை.

எந்த வகைப் பெட்டி

மீதம் 690 ரூபாய் இருந்தது. தங்கைக்கு ஸ்டீம் அயர்ன் மேல் ஆசை. பக்கத்து வீட்டில் ஒன்று வாங்கியிருந்தார்கள். நான் வேண்டாம் என்றதற்கு விலை ஒரு காரணம். நம்பி வாங்கக்கூடிய ஸ்டீம் பெட்டி 1,200 ரூபாய்க்கு மேல்தான் கிடைக்கிறது. அதைவிடப் பெரிய காரணம் தண்ணீர். அந்த வீட்டு போர் தண்ணீரில் பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்திருக்கிறது, குழாய் வாயில் உப்பு பூத்திருக்கிறது. அந்தக் கடினநீரைச் சூடாக்கினால் அதே சுண்ணாம்புப் படிவு ஸ்டீம் பெட்டியின் அடித்தகட்டுத் துளைகளில் உட்காரும். துளை அடைத்தபின் நீராவி வருவதற்குப் பதில், பழுப்பு நிறச் சொட்டுகள் வெள்ளைச் சட்டையில் விழும். மெட்ரோ வாட்டரையோ கேன் தண்ணீரையோ மட்டும் ஊற்ற வேண்டும் என்று சொல்லலாம். ஆனால் காலை ஆறரை மணிக்கு இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பும் வீட்டில், கைக்கு எட்டும் பக்கெட்டிலிருந்துதான் தண்ணீர் போகும். மென்மையான தண்ணீர் வரும் வீட்டில், பருத்தியும் லினனும் அதிகம் உடுத்துகிறவர்களுக்கு ஸ்டீம் பெட்டி அருமையான பொருள் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

மின்சாரக் கணக்கும் உண்டு. 1250 வாட் ஸ்டீம் பெட்டி 5.4 ஆம்பியர் இழுக்கும். அந்த வீட்டின் பழைய 5 ஆம்பியர் பாயின்ட்டுக்கு அது அதிகம், புதிய 6 ஆம்பியருக்குள் அடங்கும். 2000 வாட் பெட்டிக்கு 8.7 ஆம்பியர் தேவை; அதற்கு 16 ஆம்பியர் பவர் பிளக்கும் அதற்கேற்ற தடித்த ஒயரும் வேண்டும். பிளக் பெரிதாக இருக்கிறது, நுழையவில்லை என்று கன்வெர்டர் பிளக் போட்டுச் செருகுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெரிய பின் ஒரு காரணத்தோடுதான் பெரிதாக இருக்கிறது.

சாதாரண டிரை அயர்ன் என்று முடிவானபின், 750 வாட்டா 1000 வாட்டா என்ற கேள்வி வந்தது. மின் கட்டணம் கூடும் என்று மாப்பிள்ளை தயங்கினார். தெர்மோஸ்டாட் உள்ள பெட்டியில் வாட் கூடினால் வேகமாகச் சூடேறிச் சீக்கிரம் நிற்கும். மொத்தச் செலவில் பெரிய வித்தியாசம் வராது. வோல்ட்டேஜ் குறையும்போது பெட்டியின் திறன் அதன் வர்க்க விகிதத்தில் குறையும் என்பதும் முக்கியம். 210 வோல்ட்டில் 1000 வாட் பெட்டி சுமார் 830 வாட்டும், 750 வாட் பெட்டி சுமார் 625 வாட்டும்தான் தரும். பழைய ஒயரிங் உள்ள வீட்டில் 1000 வாட்டே சரி.

எடையைப் பற்றி நானே என் எண்ணத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. கனமான பெட்டிதான் நல்ல பெட்டி என்று பழகியவன் நான். ஒன்றரைக் கிலோவுக்கு மேல் உள்ள ஹெவி வெயிட் பெட்டியைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அங்கே பாதி நாள் தேய்ப்பது அத்தை, அவருக்கு மணிக்கட்டு வலி. தேய்க்கும் துணியோ பெரும்பாலும் டெரிகாட்டன். கனம் கேட்பது அத்தையின் இரண்டு கஞ்சிப் புடவை மட்டுமே. அவற்றைத் தள்ளுவண்டிக்காரரிடமே கொடுத்துவிடலாம் என்று அத்தையே சொன்னார். ஆறேழு கிலோ எடையுள்ள அந்தக் கரிப்பெட்டி கஞ்சி போட்ட பருத்தியில் செய்யும் வேலையை வீட்டுப் பெட்டி எதுவும் செய்யாது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் துணி வெளுக்கும் தொழிலாளர்கள் குடியமர்ந்ததால் பேர் பெற்ற பேட்டையில், அந்தத் தொழில் தெரிந்தவருக்கு வாரம் இருபது ரூபாய் போவது எனக்கும் நிறைவாகவே இருந்தது.

கடையில் பார்த்தவை

பாரிமுனைப் பக்கம் ஒரு எலக்ட்ரிகல் கடைக்கு மூன்று பேருமாகப் போனோம். முதலில் கேட்டது ஐஎஸ்ஐ முத்திரை. 2003-ஆம் ஆண்டின் தரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி மின் இஸ்திரிப் பெட்டிக்கு அந்த முத்திரை கட்டாயம். முத்திரையின் மேலே ஐஎஸ் என்று தொடங்கும் தர எண்ணும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். கடைக்காரர் காட்டிய ஒரு பெட்டியில் முத்திரை இருந்தது, எண் இல்லை. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். இன்னொன்றின் எண்ணை, இந்த முத்திரையை வழங்கும் அரசு அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் தட்டிப் பார்த்தோம். எந்த நிறுவனத்தின் உரிமம், இப்போது நடப்பில் உள்ளதா என்பது திரையிலேயே வந்துவிட்டது. கடையில் நின்றபடியே இரண்டு நிமிடத்தில் செய்யக்கூடிய இந்தச் சோதனையைப் பலரும் செய்வதில்லை.

பஜாஜ், உஷா, பிலிப்ஸ், ஹேவல்ஸ் என்று நான்கு நிறுவனப் பெட்டிகள் மேசைக்கு வந்தன. விலை 600 முதல் 1,100 வரை. பெயரைவிடக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டியவையே அதிகம் என்பது என் அனுபவம். குமிழை ஆஃப் நிலையிலிருந்து மெல்லத் திருப்பினால் டிக் என்ற சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும். ஒயர் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் நீளமான ரப்பர் காப்பு இருக்க வேண்டும். பெட்டிகளில் ஒயர் அறுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். நூல் பின்னிய ஒயர் சூடான தகட்டில் பட்டாலும் சற்றுத் தாங்கும், வெறும் பிளாஸ்டிக் ஒயர் உடனே உருகும். தகட்டின் முனை கூர்மையாகவும் ஓரத்தில் பட்டனுக்கான பள்ளத்தோடும் இருந்தால் சட்டை தேய்க்க எளிது. கடைசியாக, அத்தையிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்து, மேசை மேல் இருபது தடவை முன்னும் பின்னும் ஓட்டச் சொன்னோம். மூன்றாவதைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவில்லை.

1000 வாட், நான்ஸ்டிக் தகடு, நூல் பின்னிய ஒயர், இரண்டு ஆண்டு வாரண்டி. பில்லும் முத்திரை குத்திய வாரண்டி அட்டையும் சேர்த்து 745 ரூபாய். சுவர் வேலையோடு மொத்தம் 1,055. கணக்கில் 55 ரூபாய் கூடிவிட்டது. அதை நான் கொடுத்தேன்.

நான்கு மாதம் கழித்து

ஐப்பசி மழை தொடங்கியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். தங்கை பதினான்கு துணி தேய்த்து முடிக்க ஐம்பது நிமிடம் பிடித்தது. மீட்டரில் ஏறியது சுமார் அரை யூனிட். வாரம் இரண்டு முறை என்றாலும் இரண்டு மாதத்துக்கு ஒன்பது யூனிட்டுக்குள் அடங்கும். பெட்டி ஓடி முடித்தவுடன் பிளக் பின்னைத் தொட்டேன், சூடே இல்லை. ஈரத் தரையில் நின்றும் ஜிவ்வென்று எதுவும் தெரியவில்லை என்று அத்தை சொன்னார்.

ஒரு குறை இருந்தது. தகட்டின் முனைப் பக்கம் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது; மாப்பிள்ளையின் பேன்ட்டை மூன்று புள்ளிச் சூட்டில் தேய்த்திருக்கிறார்கள். துணி லேபிளில் உள்ள ஒரு புள்ளி 110 டிகிரி, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200 செல்சியஸ் வரை என்பதை எழுதி, ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தேன். டெரிகாட்டனை இரண்டு புள்ளியில் முதலில் முடித்துவிட்டு, பருத்திக்குச் சூட்டைக் கூட்ட வேண்டும். பெட்டி சூடேறுவது சீக்கிரம், ஆறுவதற்குத்தான் நேரம் பிடிக்கும். ஒட்டியிருந்ததை, பெட்டி ஆறியபின் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து மெல்லிய துணியால் துடைத்ததில் பெரும்பகுதி போய்விட்டது. கம்பி நார் போட்டிருந்தால் பூச்சும் சேர்ந்து போயிருக்கும்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அந்த வீட்டு மீட்டர் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லை. கசிவு ஏற்பட்ட கணத்திலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி அது; அதன் விலை பெட்டியின் விலையைவிட அதிகம், மூன்று குடித்தனத்துக்கும் பொதுவாக உரிமையாளர்தான் போட வேண்டும். தைக்குள் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை செருப்பைப் போட்டுக்கொண்டே தேய்க்கும்படி தங்கையிடம் சொல்லிவிட்டு வந்தேன்.